ஸ்டீரிங்கின் கனமும் மின்மோட்டாரின் துணையும்

டில்லி மாநகரில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ஆம் ஆண்டில் பழைய மோட்டார் கார்களின் அணிவகுப்பு ஒன்றைத் தொடங்கி வைத்தது. அத்தகைய அணிவகுப்புகளில் மக்கள் விரும்பிப் பார்ப்பவற்றுள், பிரிட்டனில் தயாரான இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களும் அடங்கும். இவ்வகைக் கார்கள் ஓடும்போது இலகுவாகத் திரும்புவன. ஆனால் நெருக்கடியான தெருவில் ஊர்ந்து செல்லும்போதும், நிறுத்துமிடத்தில் ஒதுக்கும்போதும் தோளும் மணிக்கட்டும் நோகும்படி செய்வன. கார் முதுமை அடையும் பொழுது உடையவரும் முதுமை அடைகிறார். மூட்டு நோயுள்ள ஒருவர், எஞ்சின் நன்றாக ஓடியும் ஸ்டீரிங்கைத் திருப்ப இயலாமையால், காரைக் கைவிட நேரிடுகிறது.

அக்காருக்கு வீட்டிலேயே பவர் ஸ்டீரிங் பொருத்த முடியுமா? முடியும். ஆனால் வேலையைத் தொடங்குமுன் ஸ்டீரிங் ஏன் கனக்கிறது என்பதை அறிதல் வேண்டும். கனம் என்பது சில சமயம் காரின் இயல்பு. சில சமயம் பழுதின் அறிகுறி. பழுதைத் துணைவிசையால் மறைப்பது ஆபத்தாகும்.

கனம் தோன்றும் விதம்

உதாரணமாக, 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்ளலாம். இதில் ஸ்டீரிங் சக்கரத்தைத் திருப்பினால், தண்டின் அடியில் உள்ள சிறிய பற்சக்கரம் சுழன்று, பற்கள் வெட்டிய நீண்ட தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. அத்தண்டு முன்சக்கரங்களைத் திருப்புகிறது. சென்னையில் 1961ஆம் ஆண்டு முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலும் இதே அமைப்புதான் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டுப் பழைய மெக்கானிக்குகளுக்கு இது புதிதன்று.

கார் நிற்கும்போது, டயரின் அடிப்பகுதி தரையில் அழுந்தி ஒரு சிறு பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும்போது அப்பரப்பு முழுவதும் தரையில் தேய்ந்து முறுக வேண்டும். கார் உருளத் தொடங்கியதும், ரப்பரின் புதிய பகுதிகள் இடைவிடாமல் தரையை அடைவதால் இத்தேய்வு பெரிதும் குறைந்துவிடுகிறது. நின்ற கார் கனப்பதற்கும் ஓடும் கார் இலகுவாவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது காரணம், சக்கரம் திரும்பும் அச்சு பின்புறம் சாய்ந்திருப்பதாகும். இதனைக் காஸ்டர் சாய்வு என்பர். எம்.ஜி.பி. காரில் இது ஏறத்தாழ 7 பாகை. சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பது போன்றதே இது. இச்சாய்வு, வளைவு முடிந்ததும் சக்கரங்களைத் தாமாகவே நேர்நிலைக்குக் கொண்டுவருகிறது. அதே சமயம் திருப்பும் கைக்குக் கனத்தையும் கூட்டுகிறது.

முதலில் செய்ய வேண்டியவை

டயர்களின் காற்றழுத்தம் குறைந்திருந்தால் தரையைத் தொடும் பரப்பு விரிந்து கனம் கூடும். காருக்கு முதலில் அமைந்த அளவைவிட அகலமான டயர் மாட்டியிருந்தாலும் அவ்வாறே. எம்.ஜி.பி. காரின் முன்சக்கரங்கள் கிங்பின்னைப் பற்றித் திரும்புகின்றன. அவற்றின் நிப்பிள்கள் வழியாகக் காலந்தவறாமல் கிரீஸ் ஏற்றாவிடில் பின் இறுகிப்போகும். பல்தண்டில் எண்ணெய் வற்றுதல், சக்கரங்களின் நேர்சீர் கெடுதல் ஆகியவையும் கனத்திற்குக் காரணங்களாகும்.

முன்புறத்தை ஜாக்கியில் உயர்த்தி, தாங்கிகளின் மேல் நிறுத்தி, ஸ்டீரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் தரையைத் தொடாத நிலையிலும் அது கனத்தால், குற்றம் டயருடையதன்று. கிங்பின், பல்தண்டு, ஸ்டீரிங் தண்டு ஆகிய இவற்றுள் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. அதனைச் சரிசெய்யாமல் மோட்டாரைப் பொருத்தினால், இறுகிய பின்னை மோட்டார் பலவந்தமாகத் திருப்பும்; ஓட்டுநரின் கைக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை கிடைக்காமலே போகும். இப்பழுதுகள் அனைத்தும் நீங்கிய பின்னரும் எஞ்சும் கனமே துணைவிசைக்கு உரியது.

துணைவிசையின் வரலாறு

அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்னும் எஞ்சினீயர், அவ்வேலையை விட்டு, வால்தம் நகரில் ஒரு சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீரிங்கை உருவாக்கினார். 1926ஆம் ஆண்டில் அதைப் பியர்ஸ்-ஆரோ திறந்த கார் ஒன்றில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். இருந்தும், விலைக்கு விற்கும் பயணக் காரில் அதனை முதலில் அளித்தது 1951ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல்தான்.

எண்ணெய் முறைக்கு எஞ்சினால் சுழலும் பம்பு, குழாய்கள், எண்ணெய்க்கலம் ஆகியவை வேண்டும். பழைய சிறு காரில் இவற்றுக்கு இடம் காண்பது அரிது. 1988ஆம் ஆண்டில் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில், எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரைக் கொண்ட ஸ்டீரிங் அறிமுகமாயிற்று. அதை உருவாக்கியதில் கோயோ சீகோ நிறுவனத்துக்குப் பங்குண்டு. அதே நிறுவனத்தின் கூட்டுறவுடன் டில்லியை அடுத்த குர்காவில் சோனா கோயோ தொழிற்சாலை ஸ்டீரிங் பாகங்களைத் தயாரித்து மாருதிக்கு வழங்கிற்று. அது 2018 முதல் ஜேடெக்ட் இந்தியா எனப் பெயர் பெற்றுள்ளது.

மின்துணை இயங்கும் முறை

ஸ்டீரிங் தண்டு நடுவில் வெட்டப்பட்டு, இரு பகுதிகளும் ஒரு மெல்லிய எஃகு முறுக்குத் தண்டால் இணைக்கப்பட்டுள்ளன. ஓட்டுநர் திருப்பும்போது அது சிறிதளவு முறுகுகிறது. எவ்வளவு முறுகுகிறது என்பதை ஓர் உணர்கருவி அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. பெட்டி அதற்கேற்ற மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்ப, மோட்டார் வார்ம் கியர் மூலம் கீழ்ப்பகுதியைத் திருப்பித் தருகிறது. மின்சாரம் நின்றுபோயினும் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே எஃகுத் தொடர்பு நீடிக்கிறது. கார் கனத்துடனேனும் திரும்பும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஸ்டீரிங் சக்கரத்தின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்றும், அதன் விளிம்பை 10 கிலோகிராம் விசையால் இழுக்க வேண்டியுள்ளது என்றும் கொள்வோமாயின், முறுக்கு விசை 2 கிலோகிராம்-மீட்டர் ஆகும். ஓட்டுநர் 3 கிலோகிராம் மட்டுமே இழுத்தால் போதும் எனில், அவர் பங்கு 0.6, எஞ்சிய 1.4 மோட்டாரின் பங்கு. கியரின் விகிதம் 16 ஆயின், உராய்வை நீக்கிப் பார்க்க, மோட்டார் ஏறத்தாழ 0.09 கிலோகிராம்-மீட்டர் தந்தால் போதுமானது.

நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே மறக்கலாகாது. மோட்டார் தண்டை ஒரு புறம் திருப்பும்போது, அதன் கூடு மறுபுறம் திரும்ப முயலும். அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் ஒரே தாங்கி இருப்பின், அது 14 கிலோகிராம் விசையைத் தாங்க வேண்டும். எனவே மெல்லிய தகட்டில் மாட்டிய தாங்கி உதவாது; காரின் உறுதியான உடற்பகுதியோடு அதனைப் போல்ட்டால் பிணைத்தல் அவசியம்.

வீட்டில் பொருத்தும்போது

பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் எம்.ஜி.பி. போன்ற கார்களுக்கென்றே ஆயத்தமான தொகுதிகள் விற்கப்படுகின்றன. மற்றொரு வழி, நவீன சிறு காரின் மின் ஸ்டீரிங் தண்டைப் பழைய இரும்புச் சந்தையில் வாங்கிப் பொருத்துவது. டில்லி மாயாபுரியில் இத்தகைய பாகங்களைத் தேடுவோர் பலர். இவ்வழி மலிவானது, ஆயினும் கவனம் மிக வேண்டுவது.

முதலாவது, இணைப்பு. பழைய தண்டின் வரிப்பற்களும் புதிய தண்டின் வரிப்பற்களும் ஒத்திரா. அவற்றை வீட்டிலேயே பற்றவைத்து இணைப்பது உயிருக்கு ஆபத்தாகும். வெளியிலிருந்து காண முடியாத ஒரு வெடிப்பு, வேகமாகச் செல்லும்போது முறிந்தால், எவ்விதப் பிரேக்கும் காரை வழியில் நிறுத்தாது. தகுதியுள்ள பட்டறையில் கடைந்து செய்த இணைப்பும், நல்ல யுனிவர்சல் ஜாயிண்டும், பூட்டு நட்டுகளுமே ஏற்றவை. வெப்பம் உணர்கருவியைக் கெடுக்குமாதலால் அதன் அருகில் பற்றவைப்பு கூடவே கூடாது. மோதலின்போது மடங்கும்படி அமைந்த தண்டாயின், அக்குணமும் காக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். 1967ஆம் ஆண்டுக்கு முந்திய எம்.ஜி.பி. காரில் டைனமோ இருந்தது. அதன் உச்ச அளவு 22 ஆம்பியர் மட்டுமே. பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. நவீனக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கோ எதிர்முனை உடலோடு இணைதல் வேண்டும். மோட்டாரோ முழு உழைப்பின்போது சில நொடிகளுக்கு 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். அதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு: எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ மிகக் குறைவாகவே மின்சாரம் தருகிறது; ஸ்டீரிங்குக்குத் துணை மிகுதியாக வேண்டியதும் அப்பொழுதுதான். டில்லியின் பனிமூட்ட மாலையில் முன்விளக்குகளும் எரிய, நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார், பாட்டரியைச் சிறிது சிறிதாக வற்றச் செய்துவிடும். ஆகவே முனைகளை மாற்றி ஆல்டர்னேட்டரைப் பொருத்துவது இவ்வேலையின் ஒரு பகுதியே ஆகும்.

கம்பியும் தடித்ததாக இருத்தல் வேண்டும். 0.02 ஓம் தடையுள்ள கம்பியில் 40 ஆம்பியர் பாய்ந்தால் 0.8 வோல்ட் வீணாகும். பாட்டரியிலிருந்து தனிக்கம்பி, அதன் தொடக்கத்தில் தயாரிப்பாளர் குறித்த அளவு ஃப்யூஸ், சாவியால் இயங்கும் ரிலே ஆகியவை இன்றியமையாதவை.

மூன்றாவது, துணையின் அளவு. புதிய காரில் கட்டுப்பாட்டுப் பெட்டி வண்டியின் வேகத்தை அறிந்து, வேகம் கூடக்கூடத் துணையைக் குறைக்கிறது. பழைய காரில் இந்த வேகக் குறிப்பு கிடைப்பதில்லை. சில பெட்டிகள் அந்நிலையில் ஒரு நடுத்தர அளவில் நின்றுவிடும். சில இயங்கவே மறுக்கும். கையால் திருகி அளவை மாற்றும் குமிழ் வைத்தால், அதனைக் குறைந்த அளவிலேயே வைத்தல் நலம். மிகையான துணை, சாலையின் உணர்வைக் கையிலிருந்து பறித்துவிடும். விரைவில் செல்லும்போது சிறு அசைவும் பெருந்திருப்பமாக முடியும்.

சோதனையும் சட்டமும்

வேலை முடிந்ததும் சாலைக்குச் செல்லலாகாது. முதலில் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி இரு எல்லைகளுக்கும் திருப்ப வேண்டும். எவ்விடத்திலும் உரசலோ தடையோ இருத்தல் கூடாது. கையை எடுத்ததும் ஸ்டீரிங் தானே ஒரு புறம் நகருமாயின், உணர்கருவியின் நடுநிலை பிழையானது. பின்பு, ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டி, துணையை நிறுத்தியும் திருப்பிப் பார்க்க வேண்டும். வளைவிலிருந்து சக்கரங்கள் தாமாக நேர்நிலைக்குத் திரும்புகின்றனவா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கென 2021ஆம் ஆண்டில் வந்த விதிகள், சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்படாத கார்களையே பழம்பெரும் வாகனங்களாக ஏற்கின்றன. எனவே போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டறிவதும், உடலை வெட்டாமல் போல்ட்டால் மட்டும் பொருத்துவதும், மூலத் தண்டைப் பத்திரமாக வைத்திருப்பதும் அறிவுடைமையாகும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஒரு வில் தராசைக் காரின் ஸ்டீரிங் விளிம்பில் கட்டி, விளிம்புக்குத் தொடுகோடாக இழுத்து, சக்கரம் திரும்பத் தொடங்கும் விசையைக் குறிக்கவும். கார் சிமெண்டுத் தரையில் நிற்கும்போதும், மணல் தூவிய தரையில் நிற்கும்போதும், முன்புறத்தை உயர்த்திய போதும் தனித்தனியே அளந்து பட்டியல் இடுக. மூன்றும் எவ்வாறு வேறுபடுகின்றன? காற்றழுத்தத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த பின் முதல் அளவு எவ்வளவு குறைகிறது? இவ்வளவுகளைக் கொண்டு, எஞ்சும் கனத்தில் டயரின் பங்கு எவ்வளவு, உராய்வின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறியலாம். துணைவிசை தேவையா என்னும் கேள்விக்கு அந்தப் பட்டியலே விடை கூறும்.