வகிட்டுக் கோட்டில் ஒரு மேடு

என் தங்கை மகன் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குளிப்பாட்ட வரும் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் கால்மேல் கிடத்துவார். உள்ளங்கை குழிய தேங்காய் எண்ணெய் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்ப்பார். பிறகு ஒரு கை நெற்றியிலும் ஒரு கை பிடரியிலுமாக வைத்து அழுத்துவார். அவன் தலை முன்னும் பின்னும் நீண்டிருந்தது. "வயித்துல கெடந்த வாக்கு அப்படி. நாலு மாசம் புடிச்சுவிட்டா எலுமிச்சம்பழமாட்டம் உருண்டு வந்துடும்" என்பார். ஒருநாள், வகிடு எடுக்கிற இடத்தில் நீளவாக்கில் ஒரு மேடு அவர் விரலில் தட்டுப்பட்டது. "எலும்பு கெட்டியா இருக்கு, நல்லதுதான்" என்றார். எங்களுக்கும் சந்தோஷம்.

அந்த மேடுதான் நோய். மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் தலையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். உச்சிக்கு நடுவே ஓடும் மூட்டு, திறந்திருக்க வேண்டிய வயதில் ஒட்டிப்போயிருந்தது. இன்னும் முன்னால் வந்திருந்தால் சின்னத் துளை வழியாகவே சரிசெய்யப் பார்த்திருக்கலாம் என்றார்கள். எட்டாவது மாதத்தில் பெரிய அறுவை சிகிச்சையாகச் செய்ய வேண்டிவந்தது. மேடு தட்டுப்பட்டதற்கும் மருத்துவர் கண்டுபிடித்ததற்கும் இடையிலான அந்த ஒன்றரை மாதம் எதை நம்பிப் போனது என்று யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

"தலையைப் பிடித்துவிட்டால்தான் உருண்டையாகும்" என்பதுதான் முதல் நம்பிக்கை. பச்சைக்குழந்தையின் மண்டை ஒரே வார்ப்பாக இருக்காது. நெற்றியில் இரண்டு, உச்சியின் இருபுறமும் இரண்டு, பிடரியில் ஒன்று, பக்கவாட்டில் சில என்று தனித்தனி எலும்புகள். அவற்றுக்கிடையே நார்ப்பட்டையால் ஆன மூட்டுகள். சூச்சர் என்பார்கள் மருத்துவர்கள். பிரசவத்தின்போது இந்த எலும்புகள் ஒன்றின் விளிம்பின் மேல் ஒன்று சற்றே ஏறி, தலையைச் சிறிதாக்கி வெளியே வர வழிவிடுகின்றன. அதனால்தான் பல குழந்தைகள் கூம்புத் தலையோடு பிறக்கின்றன. சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில், அது தானே படிந்துவிடும். நாம் தலையைப் பிடிக்கத் தொடங்குவதும் அதே நாட்களில்தான். பலன் தெரிந்ததும் பெயர் கைக்குப் போகிறது.

பிறகு தலைக்கு வடிவம் கொடுப்பது உள்ளே வளரும் மூளை. பிறக்கும்போது பெரியவர் மூளையில் கால் பங்கு இருப்பது, இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. மூளை தள்ளத் தள்ள, மூட்டின் ஓரங்களில் புது எலும்பு படிகிறது. ஒரு மூட்டு ஒட்டிப்போனால் அதற்குக் குறுக்கான திசையில் மண்டை விரிய முடியாது, மற்ற திசையில் நீளும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1851-லேயே இதைச் சொல்லிவிட்டார். வகிட்டுக் கோட்டு மூட்டு ஒட்டினால் தலை அகலமாக முடியாமல் படகுபோல நீளும். 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவதொரு மூட்டு இப்படி முன்கூட்டியே ஒட்டுகிறது. எந்தக் கையாலும் அதைப் பிடித்துப் பிரிக்க முடியாது. பிடித்துக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும்.

பின்மண்டை சப்பையாவது வேறு கதை. குழந்தையை மல்லாக்கப் போட்டுத் தூங்கவைப்பதுதான் பாதுகாப்பு. தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்தை அது குறைக்கிறது. ஒரே பக்கம் தலை சாய்ந்தே இருந்தால் அந்தப் பக்கம் தட்டையாகும். விழித்திருக்கும் நேரத்தில், நாம் பக்கத்தில் இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம். தலை திரும்பும் பக்கத்தை மாற்றலாம். தவழவும் உட்காரவும் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடுகுத் தலையணை வேண்டாம். ஒரு வயதுக்குள் எந்தத் தலையணையும் மூச்சுக்கு ஆபத்து.

இனி உச்சிக்குழி. "தொட்டால் மூளையில் படும்" என்று சில வீடுகளில் தலைக்குத் தண்ணீர்கூடப் பட விடமாட்டார்கள். "எண்ணெய் வைத்து நிரப்பினால்தான் மூடும்" என்று வேறு சில வீடுகளில் நாள் தவறாமல் விளக்கெண்ணெய் வைப்பார்கள். தோலுக்கடியில் அங்கே உறுதியான சவ்வு இருக்கிறது. மெதுவாகத் தேய்த்துக் குளிப்பாட்டினால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் மூளைக்குப் போகவும் போகாது, குழியை மூடவும் மூடாது. அது துடிப்பது குழந்தையின் நாடித்துடிப்பு. பின்னால் உள்ள சின்னக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னால் உள்ளது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதில். சில குழந்தைகளுக்கு இரண்டு வயதுகூட ஆகும். அதற்கும் மேல் போனால் தைராய்டு, வைட்டமின் டி குறைவு போன்றவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். கொஞ்சம் சீக்கிரம் மூடிவிட்டால் "மூளை வளராது" என்று அழ வேண்டாம். குழி மூடினாலும் மூட்டுகள் திறந்தே இருக்கின்றன, தலை வளரும்.

எனக்கு மிகவும் பயம் தரும் நம்பிக்கை "உச்சி விழுந்துடுச்சு, தூக்கிவிடணும்" என்பது. மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், வாய்க்குள் விரல்விட்டு மேலண்ணத்தை மேலே தள்ளுவார்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கிற குழந்தைக்கு உச்சி குழிந்தால், உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். வாய் உலர்ந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீர் குறைந்து, துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகிற வழியெல்லாம் தாய்ப்பாலும் உப்பு சர்க்கரைக் கரைசலும் கொடுங்கள். அழும்போது உச்சி புடைப்பது இயல்பு. அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் புடைத்தே இருந்தால், கூடவே காய்ச்சல் இருந்தால், அதுவும் அவசரம்தான்.

மண்டையோட்டில் நெளிந்தோடும் கோடுகளைப் பிரம்மன் எழுதிய தலையெழுத்து என்பார்கள். அந்தக் கோடுகள் இந்த மூட்டுகளே. நெற்றி நடுவே இருப்பது முதல் வயதுக்குள் மறைந்துவிடும். மற்றவை பெரியவர்களான பிறகுதான் மெல்ல இணையத் தொடங்குகின்றன. வயதானவர்களுக்கும் சில இடங்களில் முழுதாக இணைந்திருக்காது.

வீட்டில் வேண்டியது ஒரு தையல் டேப். புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். பிறக்கும்போது ஏறத்தாழ 35 செ.மீ., ஒரு வயதில் 46 அல்லது 47. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் போகும்போது அளந்து எழுதச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள்.

தங்கை மகனுக்கு இப்போது மூன்று வயது. காதிலிருந்து காதுவரை தழும்பு, தலை நனைந்தால் மட்டும் தெரியும். குளிப்பாட்டிய அம்மாவை நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை. அந்த மேட்டை முதலில் தொட்டுச் சொன்னது அவர் விரல்தான், அதற்கு என்ன பொருள் என்றுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இப்போது வேறொரு வீட்டுக்குப் போகிறார். முதல் நாளே வகிட்டுக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெயைத் தொடுகிறாராம்.