அம்மா ரத்தத்தில் இல்லையென்றால் பயமில்லையா?

நாலைந்து வயதுப் பையனின் கெண்டைக்கால் பருத்திருந்தால் கொருக்குப்பேட்டையில் பெருமையாகத்தான் பேசுவோம். அவன் தரையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடைமேல் கையை ஏற்றி ஏற்றி நிமிர்கிறானா? டூஷேன் தசைச்சிதைவாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. இந்த நோயில், கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகளும் ஏறும்; அதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று மருந்து தின்ற பிள்ளைகள் உண்டு.

நம்பிக்கை: சொந்தத்தில் கட்டவில்லை, வம்சத்திலும் யாருக்கும் இல்லை. இது எப்படிப் பரம்பரை நோய் ஆகும்?

உண்மை: அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டும்போது கூடுகிற நோய்கள் வேறு. அவற்றில் பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரவேண்டும். டூஷேன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; பையனுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆனாலும் இந்த நோயுள்ள பையன்களில் சுமார் மூன்றில் ஒருவனுக்கு அந்தப் பழுது புதிதாகவே உண்டாகிறது. மருமகளின் குடும்பத்தைக் குற்றம் சொல்வது அநியாயம். தாயே அதைச் சுமந்திருந்தாலும் அது அவள் செய்த தவறல்ல.

நம்பிக்கை: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது.

உண்மை: எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். இந்த மரபணுவில் எக்ஸான் என்ற துண்டுகள் 79. பத்தில் ஆறேழு பையன்களுக்குச் சில துண்டுகளே காணாமல் போயிருக்கும். எம்எல்பிஏ பரிசோதனை அதைப் பிடிக்கும். ஓர் எழுத்து மட்டும் பிசகியிருந்தால் அதில் தப்பிவிடும். முழு வரிசையையும் படிக்க வேண்டும்.

நம்பிக்கை: அம்மா ரத்தத்தில் பழுது இல்லை, அடுத்த பிள்ளைக்குப் பயமில்லை.

உண்மை: எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ரத்தத்தில் இல்லாத பழுது சில கருமுட்டைகளில் மட்டும் இருக்கலாம். உடலெங்கும் ஒரே டிஎன்ஏ என்று நினைப்பது எப்போதும் சரியல்ல. 2002இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லிடியா ஃபேர்சைல்ட் என்ற பெண் பெற்ற பிள்ளைகளுக்கு அவர் தாயே அல்ல என்றது டிஎன்ஏ அறிக்கை. அவர் உடலில் இரண்டு வகை டிஎன்ஏ இருந்தது. கருப்பை வாயில் எடுத்த மாதிரி பிள்ளைகளோடு பொருந்தியது. அது மிக அபூர்வம். டூஷேன் குடும்பங்களில் கருமுட்டைப் பழுது அத்தனை அபூர்வமல்ல.

எனவே மறுபடி கர்ப்பம் என்றால், ஆரம்ப வாரங்களிலேயே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துப் பார்க்கலாம். முதல் பையனின் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். அதில் குறித்திருக்கும் அதே பழுதைத்தான் லேபில் தேடுவார்கள்.