வீட்டு வரி ஏன் ஏறியது? நாம் என்ன கேட்க வேண்டும்?



திண்டிவனம் கிடங்கல் பக்கம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். ஒரு அக்கா பையிலிருந்து இரண்டு ரசீதுகளை எடுத்து நீட்டினார்.

"மேடம், இத கொஞ்சம் பார்த்து சொல்லுங்க. எப்பவும் எங்க வீட்டுக்காரர்தான் வரி கட்டுவாரு. இந்த தடவை நான் போனேன். பீரோவுல பழைய ரசீது இருந்துச்சு, அதுல அரை வருஷத்துக்கு 320 ரூபா. இப்ப 400 வாங்குறாங்க. நாங்க மாடி கூட கட்டல. எதுக்கு ஏத்துனாங்க?"

பக்கத்தில் இருந்த தங்கை சொன்னார்: "உங்களுக்காவது சொந்த வீடு அக்கா. நாங்க வாடகை. வரி ஏறிடுச்சுன்னு சொல்லி வீட்டுக்காரம்மா மாசம் 500 ஏத்திட்டாங்க. நாங்க யார்கிட்ட கேக்கறது?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். விழுப்புரத்திலும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுவில் சத்தமாக வாசித்துக் காட்டவும்.

நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். குழுவில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று நம் சொந்த சேமிப்பு. இன்னொன்று வெளியிலிருந்து வரும் சுழல் நிதி, வங்கிக் கடன். சொந்த சேமிப்பு ஒழுங்காக இருந்தால்தான் வெளிப் பணமும் வரும். சேமிப்பு இல்லாத குழுவுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

நகராட்சியும் அப்படித்தான். சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, உரிமக் கட்டணம் இவை எல்லாம் நகராட்சியின் சொந்த வருமானம். இதில் முக்கியமானது சொத்து வரி. வீட்டு வரி என்று நாம் சொல்வதும் இதுதான். மாநில நிதிக்குழு பரிந்துரைப்படி மாநில அரசு தரும் பங்கு, மத்திய நிதிக்குழு மானியம் இவை வெளியிலிருந்து வருபவை.

செலவு என்ன? துப்புரவுப் பணியாளர்கள் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு, குப்பை வண்டி, சாக்கடை தூர் வாருதல், வாங்கிய கடனுக்குத் தவணை. குழாயில் தண்ணீர் வர மோட்டார் ஓட வேண்டும், அதற்குக் கரண்ட் பில். இவை எதுவும் வருடா வருடம் குறைவதில்லை.

இதன் மேல் இயற்கைச் சீற்றம் வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நமக்கெல்லாம் மறக்காது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் வடிய வைக்க வேண்டும், மருந்து தெளிக்க வேண்டும், பெயர்ந்த ரோட்டைப் போட வேண்டும். கையில் இருப்பு இல்லாத நகராட்சி என்ன செய்யும்? நிதி வரும் வரை காத்திருக்கும். நாம் சேற்றில் நடப்போம்.

2022இல் நடந்தது

நம் நகராட்சிகளில் 2008இல் சொத்து வரி உயர்ந்தது. பிறகு 2018இல் அரசு உயர்த்தியது. எதிர்ப்பு வந்ததால் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆக 2022 வரை பழைய வரிதான். யோசித்துப் பாருங்கள், 2008இல் கேஸ் சிலிண்டர் சுமார் 300 ரூபாய். 2022 ஏப்ரலில் 950 ரூபாயைத் தாண்டிவிட்டது.

2016 முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலும் நடக்கவில்லை. அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்தார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. ஏப்ரல் தொடக்கத்திலேயே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் வரி உயர்வை அரசு அறிவித்தது. எதிர்க்கட்சிகள் போராட்டம் நடத்தின.

அரசு சொன்ன முக்கியக் காரணம் 15வது மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை. அதாவது, நகராட்சிக்கு மானியம் வேண்டும் என்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும். மாநிலப் பொருளாதாரம் வளரும் அளவுக்கு வரி வசூலும் வளர வேண்டும். சேமிப்பு இருந்தால்தான் கடன் என்று வங்கி நம்மிடம் சொல்கிறதே, அதே மாதிரி. இன்னொரு காரணம், செலவு ஏறிவிட்டது, வரி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது என்பது.

காரணம் சரிதான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் தாங்குவது ஏழைக் குடும்பத்துக்குக் கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

எவ்வளவு ஏறியது?

சென்னை தவிர்த்த நம்மைப் போன்ற ஊர்களில் 2022இல் ஏறிய விவரம்:

குடியிருப்பு 600 சதுர அடி வரை: 25 சதவீதம்
601 முதல் 1200 சதுர அடி: 50 சதவீதம்
1201 முதல் 1800 சதுர அடி: 75 சதவீதம்
1800 சதுர அடிக்கு மேல்: 100 சதவீதம்
கடை போன்ற வணிகக் கட்டிடம்: 100 சதவீதம்
காலிமனை வரி: 100 சதவீதம்

கிடங்கல் அக்காவின் வீடு 600 சதுர அடிக்குள். பழைய வரி 320. அதில் 25 சதவீதம் 80. மொத்தம் 400. ரசீது சரியாகத்தான் இருந்தது.

சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்பது நல்ல விஷயம். ஆனால் வரி வீட்டின் அளவைத்தான் பார்க்கிறது, வருமானத்தைப் பார்ப்பதில்லை. மாமனார் கட்டிய 1000 சதுர அடி பழைய வீட்டில் கணவர் இல்லாமல் தனியாக இருக்கும் சகோதரிக்கும் 50 சதவீதம்தான். இந்தக் கஷ்டத்தை நாம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

வரி வீட்டுக்காரர் பெயரில் வருகிறது, சுமை நம் தலையில் இறங்குகிறது. அதனால் கணக்குப் போடத் தெரிய வேண்டும். அந்தத் தங்கை இருப்பது சுமார் 900 சதுர அடி வீடு. பழைய வரி அரையாண்டுக்கு 800 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் ஏறினால் 1200. கூடியது 400. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 67 ரூபாய். ஆனால் வாடகையில் ஏறியது மாதம் 500, ஆறு மாதத்துக்கு 3000.

வீட்டுக்காரருக்கும் மராமத்து, கடன் என்று செலவு இருக்கும். சண்டை போடச் சொல்லவில்லை. "வரி ரசீதைக் காட்டுங்கம்மா, ஏறின அளவுக்கு நாங்களும் பங்கு தர்றோம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு ஏறும் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரசீதில் நான்கு விஷயம் பாருங்கள்

நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினர் தையல் தொழிலுக்கு வங்கிக் கடன் கேட்டுப் போனார். வரி ரசீது கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், 11 வருடம் முன்பு இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. அதோடு 580 சதுர அடி வீடு 1150 என்று பதிவாகியிருந்தது. 25 சதவீதம் ஏற வேண்டியவருக்கு 50 சதவீதம் ஏறியிருந்தது. மனு கொடுத்தார். "அப்புறம் வாம்மா" என்று பலமுறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் குழுப் பெண்கள் நான்கு பேர் கூடவே போனார்கள். பில் கலெக்டர் வந்து அளந்தார், பதிவு திருத்தப்பட்டது, பெயரும் மாறியது. எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. தனியாகப் போயிருந்தால் முடிந்திருக்காது என்று அவரே சொன்னார்.

1. பெயர்: இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி வரி ரசீது வைத்துப் பெயர் மாற்றத்திற்கு மனு கொடுங்கள். வரி ரசீது மட்டுமே சொத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. அளவு: டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். 600, 1200, 1800 இந்த எல்லைகளின் அருகில் இருப்பவர்கள் கட்டாயம் அளக்க வேண்டும்.

3. பயன்பாடு: கடையை மூடிப் பல வருடம் ஆகியும் வணிகம் என்றே இருக்கலாம். அப்படி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

4. பாக்கி: கட்டிய தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையில் ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தவறு இருந்தால் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். நகர்மன்றத்தில் வரி மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரி ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என இரண்டு தவணை. தவணை தொடங்கும் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். 1000 ரூபாய் வரிக்கு 50 ரூபாய் மிச்சம். தாமதித்தால் வட்டி.

கட்டினால் மட்டும் போதாது

குழுவில் மாதா மாதம் சேமிப்பைக் கட்டிவிட்டு ரொக்கப் புத்தகத்தைப் பார்க்காமல் இருப்போமா? கணக்கு வாசிக்கவில்லை என்றால் ஊக்குநரை விட்டுவைப்போமா? நகராட்சியிடம் மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

நம் வார்டில் எவ்வளவு வரி வசூலானது, அதிகப் பாக்கி வைத்திருப்பது யார், நம் தெருவுக்கு என்ன செலவானது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் பாரம் மற்றவர்கள் மேல் விழும். ஊரிலும் அப்படியே. பெரிய கட்டிடங்கள் வருடக்கணக்கில் பாக்கி வைத்தால், ஒழுங்காகக் கட்டும் சின்ன வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம். முதலில் அந்தப் பாக்கியை வசூல் செய்யுங்கள் என்று சொல்வது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

கேட்க வழிகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் முறை தொடங்கப்பட்டது. கிராம சபை போல, இது நகரத்து மக்களுக்கு. உங்கள் வார்டில் எப்போது நடக்கும் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போட்டு வரவு செலவு விவரம் கேட்கலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2022 தேர்தலில் விழுப்புரம், திண்டிவனம் இரண்டு நகராட்சிக்கும் பெண்களே தலைவர் ஆனார்கள். பெண்கள் போய்க் கேட்க இனி என்ன தயக்கம்?

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டு வரி ரசீதை நேரில் பார்த்திருக்கிறோம்? யார் பெயரில் இருக்கிறது?
2. வாடகை வீட்டில் இருக்கும் உறுப்பினர்களுக்கு வரியைக் காரணம் சொல்லி எவ்வளவு ஏறியது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
3. நம் தெருவுக்கு முதலில் வேண்டியது எது? குடிநீரா, விளக்கா, சாக்கடையா? ஒன்றைத் தீர்மானமாக எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு எல்லோரும் வரி ரசீதைக் கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தவறு உள்ளவற்றைத் தனியே எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே நாளில் போய் மனு கொடுப்போம்.