மாணாக்கர்க்கு இடும் பெயர்கள்

ஒரு மாணாக்கனை "மந்தன்" என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். அச்சொல் அவனது குறையொன்றைச் சுட்டுவதோடு அமையாது, அவனிடத்துள்ள பிறவற்றையெல்லாம் மறைத்துவிடுகின்றது.

1905ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து அல்பிரட் பினே என்பவர், சீமோன் என்பவரோடு கூடி, கல்வியிற் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவும்பொருட்டு ஓர் அறிவளவையை அமைத்தார். பயிற்சியால் அறிவு வளருமென்பது அவர் கொள்கை. ஆயின், அமெரிக்காவிலே அவ்வளவை மனிதரைத் தரம்பிரித்து ஒதுக்குங் கருவியாயிற்று. வர்ஜீனியாவிலே கரி பக் என்னும் இளம்பெண் "அறிவு குன்றியவள்" எனக் குறிக்கப்பட்டாள். அவள் தாய்க்கும் அப்பெயரே இடப்பட்டிருந்தது. கைக்குழந்தையாகிய மகளும் இயல்பினளல்லள் எனச் சாட்சி கூறப்பட்டது. 1927இல் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் உடன்பட, அவள் இனி மகப்பெறாவாறு சத்திரசிகிச்சை செய்யப்பட்டாள். அம்மகளோ பின்னர்ப் பாடசாலை சேர்ந்து, 1931இல் சிறந்த மாணாக்கர் வரிசையில் இடம்பெற்றாள். மறுவருடம் எட்டு வயதில் இறந்தாள். இட்ட பெயர் பொய்யாயிற்று. தாய்க்கு நேர்ந்த தீங்கோ மீட்கப்படவில்லை.

ஆசிரியர்காள்! நம் வாய்ச்சொல்லுக்கும் பிள்ளைகளிடத்து நீதிமன்றத் தீர்ப்பின் வலியுண்டு. ஆதலின், "இவன் மந்தன்" என்னாது, "இவனுக்குப் பின்னக்கணக்கு இன்னும் விளங்கவில்லை" என்போமாக. அவ்வாறு கூறின், நாளை நாம் கற்பிக்கவேண்டியது யாதென்பது நமக்கே புலப்படும்.