படிப்பில் பின்தங்கும் பிள்ளை: ஆசிரியரோடு சேர்ந்து கைகொடுப்போம்

வயலின் ஒரு மூலையில் நெல் மஞ்சளித்துப் போனால் நாம் விதையைத் திட்டுவதில்லை. தண்ணீர் தேங்கி நிற்கிறதா, பசளை போதவில்லையா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளை தவணைப் பரீட்சையில் குறைந்த புள்ளியோடு வந்தால் மட்டும், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. பிள்ளை எங்கே தடக்குப்படுகிறது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து கண்டறிவது எப்படி, அதன்பின் செய்யக்கூடியவை என்ன என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. ஏன் பின்தங்குகிறார்கள்?

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளும் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் மரநிழலிலும் கொட்டில்களிலும் படித்தார்கள். மாதக்கணக்கில் படிக்காமலும் இருந்தார்கள். பாடசாலை திரும்பத் திறந்தபோது வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டாம் தரத்தில் படிக்க வேண்டியதைத் தவறவிட்ட பிள்ளைக்கு நான்காம் தரப் பாடம் விளங்காது. அது மூளைக் குறைவல்ல, நடுவில் விடுபட்ட படி. போரோ வெள்ளமோ, குடும்பம் எதனால் இடம்பெயர்ந்தாலும் இது பொருந்தும்.

வேறு காரணங்களும் உண்டு. கண்பார்வை குறைந்த பிள்ளை கரும்பலகையைப் பார்க்க முடியாமல் பக்கத்துக் கொப்பியைப் பார்க்கும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதிச் சொல்தான் கேட்கும். காலையில் வெறும் தேநீரோடு போகும் பிள்ளை பத்து மணிக்குச் சோர்ந்துவிடும். உறவை இழந்த பிள்ளை புத்தகத்தைப் பார்த்தபடி வேறெங்கோ இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தரம் 1, 4, 7, 10 மாணவருக்கு நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள்.

இன்னொரு காரணம் நம்மிடமே இருக்கிறது. காணியை இழந்த நாம், "இனி உன்ரை படிப்புத்தான் எங்களுக்குக் காணி" என்று பிள்ளையிடம் அடிக்கடி சொல்கிறோம். அன்பினால் சொன்னாலும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தூக்க முடியாத சுமை. ஒரு பிழை விட்டாலே குடும்பத்தை ஏமாற்றியதாக நினைத்து, கொப்பியை ஒளிக்கத் தொடங்கும்.

2. முதலில் வீட்டில் பார்ப்போம்

ஆசிரியரிடம் போகுமுன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அமைதியாகப் பார்த்துக்கொள்ளலாம். பரீட்சைபோல் வைக்க வேண்டாம்.

வாசிப்பு: இரண்டு தரம் கீழான வகுப்பின் பாடநூலை அயலில் இரவல் வாங்குங்கள். முதலில் எழுத்துகள், அடுத்து சிறு சொற்கள், பின்பு ஒரு வசனம், கடைசியில் ஒரு பந்தி. எந்த இடத்தில் பிள்ளை தடக்குப்படுகிறது என்று கவனியுங்கள்.

தமிழில் எழுத்துகள் 247. எல்லாவற்றையும் மனனம் செய்த பிள்ளையும் கொம்பு வரும் எழுத்துகளில் தடக்குப்படுவதுண்டு. 'கெ' என்பதில் கொம்பை முதலில் எழுதுகிறோம். அதன் ஒலியோ மெய்யெழுத்துக்குப் பிறகு வருகிறது. 'கொ' என்பதில் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. கெ-கே, கொ-கோ வேறுபாடும், ல-ள-ழ, ர-ற, ந-ன-ண என்பவையும் அதிகம் குழப்புவன. "வாசிக்கத் தெரியாது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "கொம்பு எழுத்தில் தடுமாறுகிறான்" என்று சொன்னால் ஆசிரியருக்கு வேலை எளிது.

கணக்கு: நூறு வரை எண்ணச் சொல்லுங்கள். பின் 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 45 என்று வந்தால், பிள்ளை சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழித்திருக்கிறது. பத்துகளையும் ஒன்றுகளையும் பற்றிய விளக்கம் இன்னும் வரவில்லை என்பதே அதன் பொருள்.

பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையோ, ஆலய ஞாயிறுப் பாடசாலை ஆசிரியரோ, அயலவரோ இதைச் செய்யலாம்.

3. ஆசிரியரைச் சந்தித்தல்

"நான் படிக்காதவள், எப்படிப் போய்க் கதைப்பது?" என்று பல தாய்மார் தயங்குகிறார்கள். கிழிந்த சீருடை, கட்டாத காசு என்று கூச்சங்கள் பல. இலங்கையில் இலவசக் கல்வி 1945இலும், இலவசப் பாடநூல் 1980இலும், இலவசச் சீருடைத் துணி 1993இலும் தொடங்கின. பாடசாலைக்குப் போய் நம் பிள்ளையைப் பற்றிக் கேட்பது சலுகையல்ல, உரிமை. அந்த உரிமையை மரியாதையோடு பயன்படுத்துவோம்.

பாடம் நடக்கும்போது வகுப்பு வாசலில் நிற்க வேண்டாம். முதல்நாள் பிள்ளையிடம் ஒரு துண்டு கொடுத்தனுப்பி, பாடசாலை விட்ட பின் பத்து நிமிடம் கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் சூழ நிற்கையில் குறை பேச வேண்டாம். ஒரு தாய் இப்படித் தொடங்கலாம்:

"டீச்சர், இவன் மூண்டு வருசத்துக்குள்ளை நாலு பள்ளிக்கூடம் மாறிட்டான். ரெண்டாம் வகுப்பிலை அரைவாசி நாள் பள்ளிக்கூடம் நடக்கேல்லை. வீட்டிலை வாசிக்கச் சொல்லிப் பாத்தம். சின்னச் சொல்லு வாசிக்கிறான், கொம்பு வாற எழுத்திலை நிண்டுபோறான். நான் பெரிசாப் படிக்கேல்லை. வீட்டிலை என்ன செய்தால் உங்களுக்கு உதவியா இருக்கும்?"

"நீங்கள் வந்து சொன்னது நல்லதம்மா. இவன் கரும்பலகையைப் பாத்து வடிவா எழுதுவான். அதாலை வாசிக்கத் தெரியாதெண்டு எனக்குப் பிடிபடேல்லை."

இந்த விடையைக் கவனியுங்கள். பார்த்து எழுதுவது வேறு, வாசிப்பது வேறு. அழகான கொப்பி வைத்திருக்கும் பிள்ளை வாசிக்கத் தெரியாமலேயே மேல் வகுப்புக்குப் போய்விடலாம். நிறையப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பும். பிள்ளை எத்தனை பாடசாலை மாறியது, எந்த மாதங்களை இழந்தது, எதற்குப் பயப்படுகிறது, எதில் கெட்டி என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். எந்தப் பாடத்தை எந்த ஒழுங்கில் சொல்லிக்கொடுப்பது என்பது ஆசிரியருக்குத் தெரியும். இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும்.

சந்திப்பின் முடிவில் நான்கு விடயங்களை உறுதிசெய்யுங்கள்: முதலில் சரிசெய்ய வேண்டிய ஒரேயொரு விடயம் எது, வகுப்பில் ஆசிரியர் என்ன செய்வார், வீட்டில் நாம் என்ன செய்வோம், நான்கு கிழமைக்குப் பின் எந்த நாளில் திரும்பச் சந்திப்பது. பிள்ளையை முன்வரிசையில் இருத்துவது, எல்லோர் முன்னும் உரத்து வாசிக்கச் சொல்லாமல் தனியே கேட்பது போன்றவற்றை ஆசிரியரிடம் பணிவாகக் கேட்கலாம்.

4. வீட்டில் பதினைந்து நிமிடம்

நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் போதும். பொழுதுபட முன் என்றால் நல்லது. பிள்ளை ஏற்கெனவே வாசிக்கக்கூடிய ஒன்றோடு தொடங்கி, புதிதாக இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்து, தெரிந்ததோடு முடியுங்கள். வாசிக்கத் தெரியாத தகப்பனும் பக்கத்தில் இருந்து கேட்கலாம், "அந்தக் கதையிலை பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பதே பெரிய உதவி.

கழித்தலுக்கு ஈர்க்கு போதும். பத்து ஈர்க்கை ஒரு கட்டாகக் கட்டுங்கள். 52 என்பது ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். 17ஐ எடுக்க, முதலில் ஏழு ஈர்க்கு வேண்டும்; இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு ஈர்க்கும். ஏழை எடுத்தால் ஐந்து; ஒரு கட்டை எடுத்தால் மூன்று கட்டு. விடை 35. கையால் செய்து விளங்கிய பின் கொப்பியில் எழுதட்டும்.

அடிக்க வேண்டாம். மூத்தவளோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய நிலையோடு இன்றையதை ஒப்பிடுங்கள்.

5. வயல் வேலையும் பாடசாலை வரவும்

விதைப்பிலும் அறுவடையிலும் பிள்ளைகளை மாடு பார்க்க, குருவி கலைக்க, தம்பி தங்கையைப் பார்க்க மறிக்கிறோம். கூலிக்குப் போகும் குடும்பங்களின் நெருக்கடி நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஏற்கெனவே படி விடுபட்ட பிள்ளைக்கு, கிழமைக்கு இரண்டு நாள் மறிப்பது இன்னொரு படியையும் உடைப்பதாகும். அயலில் நாலைந்து குடும்பங்கள் முறைவைத்துச் சிறுபிள்ளைகளைப் பார்த்தால் பெரிய பிள்ளைகள் பாடசாலைக்குப் போகலாம். தவிர்க்க முடியாத நாளென்றால் ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லி, விடுபட்ட பாடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பன்னிரண்டு வயதில் வெட்கத்தால் பாடசாலையை விட்டவர்கள் இன்று நம் கிராமங்களில் தகப்பன்மாராக இருக்கிறார்கள். கிருமிநாசினிப் போத்தலில் எழுதியுள்ள அளவை வாசிக்கவும், கடன் பத்திரத்தில் ஒப்பமிடவும் இன்னொருவரை நம்பியே நிற்கிறார்கள். வாசிப்பு உத்தியோகத்துக்கு மட்டும் தேவையானதல்ல. கமம் செய்பவருக்கும் அது பாதுகாப்பு.

6. ஒத்துழைப்புக் கிடைக்காவிட்டால்

ஆசிரியர் ஒருமுறை சலித்துக்கொண்டால் மனம் விட்டுவிட வேண்டாம். அவரும் நீண்ட தூரம் பயணம் செய்து வருபவராக, நம்மைப் போலவே இழந்தவராக இருக்கலாம். இரண்டாம் முறையும் பயனில்லையென்றால் அதிபரிடமும், பின்னர் கோட்டக் கல்வி அலுவலகத்திலும், வலயக் கல்வி அலுவலகத்திலும் சொல்லலாம். பல பிள்ளைகளுக்கு ஒரே குறை இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சேர்ந்து பேசுவது நல்லது. மாலை வகுப்புக்கு ஆலய மண்டபத்தைக் கொடுப்பது, க.பொ.த. உயர்தரம் முடித்த இளைஞரை உதவிக்கு விடுவது போன்ற யோசனைகளையும் கொண்டுபோங்கள்.

இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை கூறியது. கட்டாயக் கல்வி வயது 2016இல் 5 முதல் 16 வரை என்று நீட்டப்பட்டது. ஆகவே "படிக்கமாட்டான்" என்ற காரணத்துக்காகப் பிள்ளையை நிறுத்த இடமில்லை. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம்; பிறப்பே பதியப்படாதிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

• நம் கிராமத்தில் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளைகள் யார்? ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன?

• கடைசியாக நாம் ஆசிரியரைச் சந்தித்தது எப்போது? பிள்ளையின் கெட்டித்தனம் ஒன்றையாவது அவரிடம் சொன்னோமா?

• அடுத்த அறுவடைக்குள் நம் குழு ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வேலை எது? அதற்குப் பொறுப்பு யார்?

மூன்றாவது கேள்விக்கான விடையைப் பெயரோடும் திகதியோடும் குழுக் கொப்பியில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.