பெற்றோல் முள் பொய் சொன்னால்

பழைய மொரிஸ் மைனர் காரை இன்றும் ஓட்டுபவர்கள் பெற்றோல் முள்ளைப் பெரிதாக நம்புவதில்லை. "மீற்றர் செத்துப்போச்சு, வேறை போடவேணும்" என்பார் கராஜ்காரர். நாமும் ஒருமுறை அப்படியே பணம் கொடுத்து மாற்றினோம். அடுத்த வாரம், இரவில் நோயாளி ஒருவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டி நின்றது. முள் 'நிறைவு' என்று காட்டியது. தாங்கியிலோ ஒரு துளி இல்லை. வீதியோர வீட்டார் தமது மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கித் தந்த பெற்றோலில்தான் போய்ச் சேர்ந்தோம். பிழை மீற்றரில் அல்ல, டிக்கிக்குள் அறுந்து கிடந்த வயரில்.

வயர் அறுந்தால் முள் கீழே விழவேண்டாமா? 1950களின் மொரிஸ் மைனரில் அப்படியல்ல. மீற்றருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று முள்ளை வெறுமைப் பக்கம் இழுக்கும், மற்றது நிறைவுப் பக்கம் இழுக்கும். தாங்கியில் மிதவையோடு அசையும் மின்தடை ஒன்று இருக்கிறது. பெற்றோல் குறையத் தடையும் குறையும். மின்னோட்டம் அவ்வழியே வண்டியின் உடலுக்கு ஓடிவிட, வெறுமைச் சுருள் வெல்லும். வயர் அறுந்தால் அந்த வழி அடைபட்டு, நிறைவுச் சுருளே முள்ளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அசையாமல் 'நிறைவு' காட்டும் முள்ளே ஆபத்தானது.

சோதிப்பதற்கு ஒரு முழ வயர் போதும். தாங்கியின் மூடி பூட்டியிருக்கட்டும். நெருப்பு, சிகரெட் கிட்டவும் வேண்டாம். தாங்கியின் மேலுள்ள மிதவைக் கருவியிலிருந்து வயரைக் கழற்றி, எதிலும் படாமல் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். முள் நிறைவுக்கு ஏறவேண்டும். சாவியை மூடி, அந்த வயரைத் துருவற்ற உலோகத்தில் இறுகத் தொடுத்து, மீண்டும் திருப்புங்கள். முள் வெறுமைக்கு இறங்கவேண்டும். (தொடுத்த பிறகே சாவி, தாங்கியருகே தீப்பொறி கூடாது.)

இரண்டும் சரியென்றால் மீற்றரும் வயரும் நல்லவை. அடுத்து, கழற்றிய வயரைத் திரும்பப் பூட்டி, மிதவைக் கருவியின் உடலிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனி வயர் ஒன்று கொடுத்துப் பாருங்கள். முள் திருந்தினால் குற்றவாளி துரு, சுரண்டிவிட்டால் போதும். திருந்தாவிட்டால்தான் கருவியைக் கழற்ற வேண்டும். உலோக மிதவை ஓட்டையாகிப் பெற்றோல் புகுந்து அமிழ்ந்திருந்தால், தாங்கி நிறைந்தாலும் முள் எழாது.

வயரை உலோகத்தில் தொடுத்தும் முள் நிறைவிலேயே நின்றால், இடையில் வயர் அறுந்திருக்கலாம். வயரைக் கழற்றியும் முள் ஏறாவிட்டால், மீற்றருக்கு 12 வோல்ட் வருகிறதா, மீற்றரின் கூடு வண்டியின் உடலோடு தொடுகிறதா, வயர் எங்காவது உரசி உலோகத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதிக்குப் பின்வந்த பிரித்தானிய கார்கள் பலவற்றில் இது தலைகீழ்: வயர் அறுந்தால் வெறுமை, உலோகத்தில் தொட்டால் நிறைவு. முள் மெதுவாக நகர்வதே அவற்றின் அடையாளம். அவற்றில் வயரை நெடுநேரம் தொடுத்து வைத்தால் மீற்றர் சூடாகிக் கெடும்.

திருத்திய பின், வெறுந்தாங்கியில் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.