கம்பனி கொடுத்த கடதாசியை நாம் பார்க்கலாமா?

நாம் இடம்பெயர்ந்து வாழும் காலத்திலும் நமது காணியைச் சுற்றி வேலைகள் நடக்கின்றன. பக்கத்துக் காணியில் கருங்கல் உடைக்க ஒரு கம்பனி அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஆழம் தோண்டுவது, எப்படி வெடி வைப்பது, குழியை எவ்வாறு மூடுவது என்று அது அரசாங்கப் பணியகத்துக்கு எழுதிக் கொடுக்கிறது. ஊர் திரும்பி, அங்குள்ள கிணற்றுத் தண்ணீரில் பயிர் செய்யப்போவது நாம். அக்கடதாசியைப் பார்க்க நமக்கு வழியுண்டா?

உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று சொல்லவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

எது இரகசியம்?

கம்பனி கொடுத்தது எல்லாமே இரகசியம் அல்ல. வியாபார இரகசியம் போன்று, வெளிவந்தால் போட்டியில் கம்பனியைப் பாதிக்கும் விபரங்களை மறுக்கலாம். ஆனால் பொதுநலன் அப்பாதிப்பிலும் பெரிதாயின் கொடுக்கவேண்டும். ஒரு பகுதிதான் மறுக்கத்தக்கது என்றால், அதை நீக்கி மிகுதியைத் தரவேண்டும்.

இரகசியமாகக் கருதியே கம்பனி கொடுத்த விபரமாயின், அலுவலர் ஒரு கிழமைக்குள் கம்பனியின் கருத்தைக் கேட்பார். கம்பனி 7 நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். அது சம்மதித்தாலும், பேசாதிருந்தாலும் விபரம் நமக்குக் கிடைக்கும். மறுத்தால் அலுவலர் தரமாட்டார். அத்துடன் கதை முடியவில்லை. நாம் கேட்டுக்கொண்டால், கம்பனியின் நலனிலும் வெளியிடுவதன் அவசியம் பெரிதென்று காணுமிடத்து, வெளியிடுமாறு ஆணைக்குழு பணிக்கலாம்.

செய்யவேண்டியவை

1. "குவாரி பற்றிய எல்லாம்" என்று கேளாது, "அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அதன் நிபந்தனைகள், குழியை மூடும் திட்டம்" என்று திட்டமாகக் கேட்போம்.

2. இப்போது இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுப்போம். ஊர் முகவரிக்குப் போகும் பதில் நம் கைக்கு வராது.

3. கோரிக்கை கிடைத்ததற்கான கடிதத்தைத் திகதியுடன் வாங்கி வைப்போம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் காரணமும் எழுத்தில் தரவேண்டும்.

4. மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்வோம். அவர் 3 கிழமைக்குள் முடிவு தரவேண்டும். அதுவும் திருப்தியில்லையேல், 2 மாதங்களுக்குள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கூடிப் பேசுவோம்

நமது ஊரில் இன்று யார், என்ன அனுமதியுடன் வேலை செய்கிறார்கள்? அதில் எந்தக் கடதாசி நமக்கு முதலில் வேண்டும்? நம்மில் யார் அதைக் கேட்டு எழுதுவார்?